பழைய நகரமும் அதன் வாடகைக்காரர்களும்

கெடாவைப் பற்றி நம் தமிழ்ச் சங்க மலர்களில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடாரத்திலிருந்துதான் தொடங்குவார்கள். 1025ஆம் ஆண்டு, ராஜேந்திர சோழனின் கடற்படை, 'கடாரம் கொண்டான்' என்ற பட்டம், பிறகு கைதட்டல். கெடாவில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் இக்கட்டுரையை நான் 2013ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறேன். பூஜாங் பள்ளத்தாக்கில், சுங்கை பத்து பகுதியில் இருந்த 11ஆம் எண் சண்டி, ஒரு வீடமைப்புத் திட்டத்திற்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது தகர்க்கப்பட்டது என்பது அவ்வாண்டின் இறுதியில்தான் வெளியே தெரிய வந்தது. பழங்காலக் கோயில்களின் கல், செங்கல் அடித்தளங்களைத்தான் இங்கே சண்டி என்கிறோம். 11 என்ற அந்த எண், 1930களில் அப்பள்ளத்தாக்கை ஆராய்ந்த குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் கொடுத்தது.

தகர்த்தவர்கள் சட்டத்தை மீறினார்களா என்று கேட்டால், பதில் நமக்குப் பிடித்ததாக இருக்காது. அது தனியார் நிலம். 2005ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரியச் சட்டத்தின் கீழ் அந்த இடம் அரசிதழில் பதிவாகவில்லை. பதிவாகாத கல், சட்டத்தின் பார்வையில் வெறும் கல்தான். தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் எங்களைப் பேருந்தில் ஏற்றிப் புக்கிட் பத்து பஹாட் சண்டிக்குக் கூட்டிப் போனார்கள். 1960ஆம் ஆண்டில் கல் கல்லாக எடுத்து மீண்டும் அடுக்கிக் கட்டிய சண்டி அது. பக்கத்தில் 1980இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம். அது வேலிக்குள் பத்திரமாக இருக்க, சில கிலோமீட்டர் தள்ளி இருந்த இன்னொன்று மண்ணோடு மண்ணாகிவிட்டது. இரண்டுக்கும் இடையில் இருந்த வேறுபாட்டைக் காகிதம்தான் தீர்மானித்தது.

ஆயிரம் ஆண்டு பழைய கோயிலுக்கே இந்தக் கதி என்றால், நூறாண்டுகூட நிறையாத கடைவீடுகளைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்று சிலர் நினைக்கலாம். நான் நகர, வட்டாரத் திட்டமிடல் துறையில் படிக்கிறேன். இறுதியாண்டு ஆய்வுக்குச் சுங்கை பட்டாணியின் பழைய நகரப் பகுதியை எடுத்துக்கொண்டபோது ஒரு நண்பர் கேட்டார்: "அங்கே என்னடா இருக்கு, மணிக்கூண்டைத் தவிர?"

அந்த மணிக்கூண்டிலிருந்தே சொல்லலாம். ஜாலான் இப்ராஹிமில் நிற்கும் அது 1936இல் கட்டப்பட்டது. இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளி விழா நினைவாக லிம் லியான் தெங் என்ற தோட்ட முதலாளி நகரத்திற்குக் கொடுத்த அன்பளிப்பு. மணிக்கூண்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? ரப்பரிலிருந்து. ரப்பர் யார் கையால் வந்தது என்பதை இம்மலரின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் எல்லாமே சுற்றியிருந்த தோட்டங்களால் வளர்ந்த நகரங்கள். அலோர் ஸ்டார் வரை 1915இல் ரயில் போட்ட பிறகு பால் துண்டுகளும் அரிசி மூட்டைகளும் ஆட்களும் ஒரே வழியில் போய் வந்தார்கள். 1947இல் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் கள்ளுக்கடைகளை எதிர்த்துத் தொண்டர் படை கிளம்பியதற்கும், சம்பளக் காசு எந்தக் கடையில் போய் விழுந்தது என்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. என் பாட்டி தோட்டத்தில் பால் வெட்டியவர். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அவருக்கு டவுன். துணிக்கடை, பாத்திரக்கடை, அடகுக்கடை, பத்தர் கடை, கடைசியாகத் தோசையும் தேத்தண்ணியும். இந்த வரிசை மாறியதே இல்லை என்பார்.

அந்த வரிசையைத் தாங்கி நின்றவை கடைவீடுகள். பெயரே விளக்கம்: கீழே கடை, மேலே வீடு. முகப்பு குறுகல், ஆழம் நீளம். நடுவில் வெயிலும் மழையும் இறங்கும் முற்றம். அதனால்தான் ஜன்னலே இல்லாத நீண்ட சுவர்களுக்கு நடுவிலும் மூச்சு முட்டாது. முன்னால் ஐந்தடிப் பாதை. 1822இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்த ராஃபிள்ஸ், ஒவ்வொரு கட்டடத்தின் முன்னும் கூரையுள்ள நடைபாதை தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றார். அவ்வழக்கம் தீபகற்பம் எங்கும் பரவியது. பூக்காரர், வெற்றிலைக்காரர், தையல்காரர் என்று தனிக்கடை எடுக்க வசதி இல்லாதவர்களுக்கு அந்த ஐந்தடிதான் கடை. முழுக்கடை எடுக்க முடிந்தவன் மேல்மாடியில் குடியிருந்ததால் இரவில் தெருவில் விளக்கு எரிந்தது, பிள்ளைகள் சத்தம் இருந்தது.

இந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே இழுத்து வெளியே விடும். அதன்மேல் நல்லது செய்வதாக எண்ணி சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு உப்பு பூத்துச் சில ஆண்டுகளில் சுவர் உதிரத் தொடங்கும். பழைய கட்டடம் என்றாலே ஒழுகும் என்று நாம் சொல்லிக்கொள்வதில் பாதிப் பழி சிமெண்டுக்குத்தான் சேர வேண்டும். 'மெட்ராஸ் சுண்ணம்' என்றே ஒரு பூச்சு உண்டு. கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் தேங்காய்மட்டை ஊறிய நீரும் சேர்த்து அரைத்துப் பூசுவார்கள். தமிழகத்துக் கைகளோடு கடல் தாண்டி வந்த வித்தை. இன்று அதைச் செய்யத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

சரி, இந்த நகர மையங்கள் ஏன் காலியாயின? 1950, 60களில் தோட்டத் துண்டாடல். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை. பிறகு வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும். தோட்டத்து மக்கள் தாமான்களுக்குப் போனார்கள். தாமானுக்குப் பக்கத்திலேயே பேரங்காடி வந்தது. சம்பளம் மாதம் ஒருமுறை கையில் வந்த காலம் போய் வங்கிக்கு வந்தது. பாட்டியின் ஞாயிற்றுக்கிழமைக்குத் தேவையே இல்லாமல் போய்விட்டது. இது எல்லா நகரங்களுக்கும் பொதுவான கதைதான். சட்டக் காரணம் ஒன்றும் உண்டு. அதை விளக்கப் பினாங்குக்குப் போக வேண்டும். (1786 வரை பினாங்கும் கெடாதான். ஆகவே நான் தலைப்பை விட்டு விலகவில்லை.)

1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31க்குள் கட்டி முடிக்கப்பட்ட கட்டடங்களின் வாடகையை ஏற விடாமல் பிடித்து வைத்தது. நாட்டிலேயே இத்தகைய கட்டடங்கள் மிக அதிகமாக இருந்தது ஜார்ஜ்டவுனில். இதன் விளைவு இருபக்கம் கூரான கத்தி. உரிமையாளருக்கு வரும் வாடகை ஓடு மாற்றக்கூடப் போதாது. எனவே அவர் கட்டடத்தைத் திரும்பிப் பார்க்க மாட்டார். தலைமை வாடகைக்காரர் மாடியைப் பலகையால் தடுத்து அறை அறையாக உள்வாடகைக்கு விடுவார். கூரை ஒழுகும், மின்கம்பி தொங்கும். ஆனால் கூலிக்காரனும் பூக்கட்டுபவரும் கிழவியும் நகரத்தின் நடுவிலேயே குடியிருக்க முடிந்தது. இடித்துக் கட்டுவதில் லாபம் இல்லாததால் கட்டடங்களும் தப்பின. ஜார்ஜ்டவுனைக் காப்பாற்றியது யாருடைய கலையுணர்வும் அல்ல, இந்தச் சட்டத்தின் எதிர்பாராத பக்கவிளைவு என்றே சொல்வேன்.

1997இல் அச்சட்டத்தை நீக்கும் சட்டம் வந்தது. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது கட்டுப்பாடு முற்றாக விலகியது. வாடகை பல மடங்கு ஏறியது. முப்பது, நாற்பது ஆண்டுகள் இருந்தவர்கள் பெட்டி கட்டினார்கள். 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. ஜார்ஜ்டவுனில் மையப் பகுதி 109.38 ஹெக்டர், அதைச் சூழ்ந்த காப்புப் பகுதி 150.04 ஹெக்டர். அந்த அங்கீகாரம் கொடுத்த காரணங்களில் முக்கியமானது வெறும் கட்டடம் அல்ல. பள்ளிவாசலும் சீனக் கோயிலும் தேவாலயமும் மாரியம்மன் கோயிலும் ஒரே வட்டாரத்தில் உயிரோடு இயங்கும் பல்லின வாழ்க்கை. குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் 1833இலிருந்து அங்கே நிற்கிறது.

வாழ்க்கைக்காகக் கொடுத்த பட்டம் நிலத்தின் விலையில் போய் உட்கார்ந்தது. 2009இல் பாரம்பரியப் பகுதியில் பத்தாயிரத்துக்குச் சற்று அதிகமானோர் குடியிருந்தார்கள். 2013இல் அது ஏறக்குறைய 9,400 ஆகக் குறைந்தது. காலியான மாடிகளில் சில இடங்களில் மனிதர்களுக்குப் பதில் பறவைகள் குடியேறின. பறவைக்கூடு வியாபாரத்திற்காகக் கடைவீடுகளின் ஜன்னல்களை அடைத்து, ஒலிபெருக்கி வைத்து உழவாரக் குருவி வளர்த்தார்கள். மாநில அரசு 2013 இறுதி என்று கெடு வைத்து அவற்றை வெளியேற்ற வேண்டியதாயிற்று. மற்ற இடங்களில் சிறுதங்குவிடுதிகளும் காப்பிக் கடைகளும் வந்தன. சுற்றுலாவை நான் குறை சொல்லவில்லை. நானே அங்கே போய் ஐஸ் காச்சாங் சாப்பிட்டுப் படம் எடுத்தவன்தான்.

திட்டமிடல் மாணவனுக்கு உறுத்துவது வேறு. பட்டியலில் ஏறியது 2008. அந்தப் பகுதிக்கான சிறப்புப் பகுதித் திட்டம் (நம் துறையில் 'ரஞ்சாங்கான் காவாசான் காஸ்' என்போம்) அரசிதழில் வெளியானது 2016 செப்டம்பரில். எட்டு ஆண்டுகள்! அதற்குள் வாடகைச் சந்தை தன் வேலையை முடித்திருந்தது. கட்டட உயரம் 18 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்ற விதியைக் காக்க, முன்பே அனுமதி பெற்றிருந்த நான்கு உயரமான விடுதித் திட்டங்கள் பற்றிப் பெரிய சர்ச்சை நடந்தது; யுனெஸ்கோ குழுவே வந்து பார்த்தது. உயரத்திற்கு அளவுகோல் இருந்தது. ஒரு தெருவில் பழைய குடும்பங்கள் எத்தனை மிஞ்சியிருக்க வேண்டும் என்பதற்கு அப்படி ஓர் அளவுகோல் இல்லை.

நல்லதும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். 1986இலிருந்து இயங்கும் பினாங்கு பாரம்பரிய அறக்கட்டளை, 2005இல் கைத்தொழில் மூத்தவர்களைக் கௌரவிக்கும் விருதைத் தொடங்கியது. கட்டடத்திற்கு விருது கொடுத்துப் பழகிய நாட்டில் ஆளுக்கு விருது கொடுத்தது புதுமை. 2009இல் கசானா நேஷனல் நிறுவனத்தின் கீழ் திங்க் சிட்டி அமைக்கப்பட்டு, 2 கோடி ரிங்கிட் மானியத் திட்டம் வந்தது. உரிமையாளர் தன் பங்கையும் போட வேண்டும், மீதிக்கு மானியம். கூரை, சுவர் என்று சிறு சிறு பழுதுகளுக்கும் கிடைத்தது. இன்னொரு பாடம் அங்குள்ள நில உரிமையில் இருக்கிறது. சீனக் குலச் சங்கங்கள், வக்ஃபு, கோயில் அறக்கட்டளைகள் எனப் பல கடைவீடுகளுக்குச் சமூக அமைப்புகளே உரிமையாளர்கள். செட்டியார்களின் கோயிலுக்கும் அப்படிச் சொத்துகள் உண்டு. இத்தகைய உரிமையாளர் நினைத்தால் சந்தை விலையை விடக் குறைத்து, நீண்ட கால ஒப்பந்தத்தில் பழைய குடிகளை வைத்திருக்க முடியும். நினைக்காவிட்டால் எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தாது. நம் கோயில் நிர்வாகங்களும் சங்கங்களும் கடைகளை வாடகைக்கு விடும்போது இதை ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

எல்லைக்கோட்டின் கொடுமையை அறிய 2009ஐ நினைத்துப் பாருங்கள். பட்டம் கிடைத்த மறு ஆண்டு, அதே தீவில், புக்கிட் குளுகோரில் இருந்த கம்போங் புவா பாலா உடைக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் மாடு வளர்த்துக் கோயில் வைத்து வாழ்ந்த கிராமம். நிலம் கைமாறி, வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. அது பாரம்பரிய வரைபடத்தின் கோட்டுக்கு வெளியே இருந்தது. கோட்டுக்கு உள்ளே இருந்த சுவருக்கு 18 மீட்டர் காவல். வெளியே இருந்த கிராமத்திற்கு இயந்திரம். நம் தோட்டத்து லயங்களும் கோயில்களும் எந்தக் கோட்டுக்குள் வருகின்றன என்று கேட்டால் சங்கடமாகத்தான் இருக்கும்.

தமிழ்நாட்டுப் பக்கம் ஓர் உதாரணம் எனக்குப் பிடித்திருக்கிறது: புதுச்சேரி. பிரெஞ்சுப் பகுதியைத்தான் எல்லாரும் படம் எடுப்பார்கள். ஆனால் தமிழர் பகுதியில் உள்ள வைசியாள் வீதியில், 2000களின் தொடக்கத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் வழி இன்டாக் அமைப்பு ஒரு வேலை செய்தது. தெருவில் உள்ள வீடுகளின் திண்ணையையும் தாழ்வாரத்தையும் வீட்டுக்காரர்களோடு செலவைப் பகிர்ந்து சீரமைத்தார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருதுகளில் ஒன்று அதற்குக் கிடைத்தது. அந்தத் தாழ்வாரம் நம் ஐந்தடிப் பாதைக்கு அக்காவோ தங்கையோ. கவனிக்க வேண்டியது: வீட்டுக்காரர்கள் அங்கேயே இருந்தார்கள். உரிமையாளரே குடியிருப்பவராக இருந்தால் இது எளிது. நம் நகரங்களில் இருப்பவரில் பெரும்பாலோர் வாடகைக்காரர். நமக்குக் கடினம் அங்கேதான்.

மீண்டும் கெடாவுக்கு வருவோம். அலோர் ஸ்டாரில் பாதுகாப்பு என்றால் பெரும்பாலும் நினைவுச் சின்னம்: பாலாய் பெசார், பாலாய் நோபாட், 1912இல் கட்டப்பட்ட ஜாஹிர் பள்ளிவாசல். அவை அழகாகவே பேணப்படுகின்றன. அங்கே வாடகைப் பிரச்சினை கிடையாது. அரண்மனை மண்டபத்தில் யாரும் மாவு அரைப்பதில்லை. சுங்கை பட்டாணியும் பீடோங்கும் லூனாசும் அப்படி அல்ல. அங்கே காக்க வேண்டியது ஒரு தெருவின் பிழைப்பு.

என் ஆய்வுக்காகச் சுங்கை பட்டாணித் தெருக்களில் கடை கடையாகப் போனேன். கட்டடம் எந்த ஆண்டு, எந்தப் பாணி என்ற பட்டியல் போடத்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் கூடவே இன்னொரு பட்டியலும் போட்டேன்: யார் என்ன தொழில் செய்கிறார், மேல்மாடியில் ஆள் இருக்கிறதா, ஒப்பந்தம் எத்தனை மாதம். மேல்மாடிகள் பெரும்பாலும் பூட்டிக் கிடந்தன. ஒப்பந்தம் என்று கேட்டால் பலர் சிரித்தார்கள். மாதாமாதம் வாய்மொழிதான். தையற்கடை அண்ணன் ஒருவர், "ஓனரு நல்லவருதான் தம்பி. அவரு மகன் எப்படியோ, யாருக்குத் தெரியும்?" என்றார். இதைவிடச் சுருக்கமாக வாடகைச் சிக்கலை எந்தப் பாடநூலும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

வாடகை இன்னும் பினாங்கு அளவுக்கு ஏறாததுதான் கெடா நகரங்களின் நல்ல காலம். பட்டமும் காப்பிக் கடையும் வருவதற்கு முன்பே செய்யக்கூடியவை உண்டு. பழுதுபார்ப்புக்கு மானியம் கொடுத்தால், அதே வாடகைக்காரருக்குக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு, குறிப்பிட்ட வாடகையில் எழுத்து ஒப்பந்தம் வேண்டும் என்று நிபந்தனை போடலாம். முகப்புக்குச் சாயம் அடிப்பதற்கு முன் மின்கம்பி, கழிவறை, மேல்மாடிப் படிக்கட்டு ஆகியவற்றைச் சரி செய்தால் மாடியில் மறுபடியும் ஆள் வரும். சுவர் ஓவியம் வரைவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

இவற்றைக் கேட்பதற்கு வழி இல்லாமலும் இல்லை. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி (சட்டம் 172) ஊராட்சி மன்றம் ஒரு வட்டாரத் திட்டத்தை வகுக்கும்போது, வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபங்களையும் கருத்துகளையும் எழுத்தில் பெற வேண்டும். நேரில் பேச விரும்புகிறவருக்கு விசாரணையும் உண்டு. நில உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை, வாடகைக்காரரும் எழுதலாம். கண்காட்சி நாள் முடிந்து திட்டம் அரசிதழில் ஏறிவிட்டால் பிறகு புலம்பிப் பயனில்லை. சண்டி 11 விஷயத்தில் நாம் அறிக்கை விட்டதெல்லாம் இடித்த பிறகு.

ஐந்தடிப் பாதையில் பூக்கட்டும் ஓர் அம்மாவிடம் இதை விளக்கினேன். மல்லிகையைத் தொடுத்தபடியே கேட்டுவிட்டு, "பாரம் மலாய்லதானே இருக்கும்? நீ எழுதிக் குடு, நான் கையெழுத்து போடறேன்," என்றார். என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். கட்டடத்தின் பாணி, வயது, மணிக்கூண்டு எதையும் அவர் சொல்லவில்லை. பெண்களுக்கு ஒரு கழிவறை வேண்டும், இப்போது பக்கத்துக் காப்பிக் கடையில் கெஞ்ச வேண்டியிருக்கிறது. தாமான் பேருந்து முன்புபோல் இந்தத் தெரு முனையில் நிற்க வேண்டும், கிழவிகள் நடந்து வர மாட்டார்கள். கடைக்காரர் மாறினாலும் அவருடைய ஆறடி இடம் மாறக்கூடாது. மூன்றையும் மலாயில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாவதுக்குச் சட்டத்தில் என்ன சொல் பொருந்தும் என்று என் விரிவுரையாளரிடம் கேட்டிருக்கிறேன். அவரும் தேடிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.